கர்ப்ப காலத்தில் நகப்பூச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். இரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னால், நகப்பூச்சு போட்டிருக்கும் பெண்களில் சிலர் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டுதான் நீட்டுவார்கள். பட்டையைச் சுற்றிக் காற்றடித்து முடிப்பதற்குள் ஒரு கேள்வி தயங்கித் தயங்கி வரும். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை போன்ற தொல்லை உள்ளவர்களுக்கு அவர்களைப் பார்க்கும் மருத்துவர் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால், அவர் சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

சிஸ்டர், மாசமா இருக்கும்போது நெயில் பாலிஷ் போடலாமா, கூடாதா?

போடலாம். எப்போதாவது ஒரு முறை, காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்வதால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதல் வந்ததாகக் காட்டும் சான்று எதுவும் இல்லை.

நகப்பூச்சிலிருந்து ஏதாவது உடலுக்குள் போக வேண்டுமானால் இரண்டு வழிகள்தான் உண்டு. ஈரமாக இருக்கும்போது கிளம்பும் ஆவியை மூச்சோடு இழுப்பது ஒன்று. நகத்திலும் அதன் ஓரத்துத் தோலிலும் பட்டு ஊறுவது மற்றொன்று. காய்ந்து இறுகிய பிறகு அது நகத்தின் மேல் ஓடு போலக் கிடக்கும். ஆகவே எவ்வளவு நேரம் முகர்கிறோம், எந்த மாதிரி அறையில் முகர்கிறோம், தோலில் எவ்வளவு பூசிக்கொள்கிறோம் என்பதுதான் முதல் கணக்கு. என்ன நிறம், என்ன விலை என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சின்ன பாட்டிலுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

நகத்தின் மேல் படலமாக இறுகுவது நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருள். பஞ்சில் உள்ள செல்லுலோஸை அமிலத்தோடு சேர்த்துச் செய்வது இது. பழைய காலத்துச் சினிமாச் சுருள்களும் இதே இனத்தைச் சேர்ந்தவைதான் என்பதால், இது எவ்வளவு சட்டென்று தீப்பிடிக்கும் என்பதைத் தியேட்டர்க்காரர்கள் நன்கு அறிவார்கள். இதைக் கரைத்து வைத்திருப்பவை எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்ற கரைப்பான்கள். மூடியைத் திருகியதும் மூக்கைத் துளைக்கும் வாசனை அவற்றுடையதுதான். படலம் விரிசல் விடாமல் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் நெகிழ்வூட்டிகள், பளபளப்புக்கான பிசின், நிறமிகள், மினுமினுப்புக்கு அபிரகத் தூள் ஆகியவை மீதி.

வாசனை அடங்கிவிட்டது என்றால் கரைப்பான்களில் பெரும்பகுதி பறந்துவிட்டது என்று பொருள். அந்தச் சில நிமிடங்கள்தான் கவனிக்க வேண்டிய நேரம்.

யூடியூப்ல ‘மூணு விஷம்’, ‘மூணு விஷம்’னு பயமுறுத்துறாங்களே, அது என்ன?

டொலுவீன், ஃபார்மால்டிஹைட், டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றையும் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். கடைசியாகச் சொன்ன தாலேட் ஒரு நெகிழ்வூட்டி. கருவுற்ற எலிகளுக்குக் கொடுத்தபோது ஆண் குட்டிகளின் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதித்தது என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அழகுசாதனப் பொருள்களில் அதைத் தடை செய்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களும் 2006 முதல் அதைக் கைவிடத் தொடங்கின. ஃபார்மால்டிஹைட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. அது சாதாரண நகப்பூச்சைவிட, நகத்தைக் கெட்டிப்படுத்தும் ‘ஹார்டனர்’ திரவங்களில்தான் அதிகம்.

டொலுவீனைப் பற்றிய பயத்துக்கு வேறு ஒரு கதை இருக்கிறது. பசையையும் தின்னரையும் போதைக்காக வேண்டுமென்றே நாள்தோறும் முகர்ந்த தாய்மார்களின் குழந்தைகள் எடை குறைந்தும், முக அமைப்பிலும் மூளை வளர்ச்சியிலும் குறைகளோடும் பிறந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பத்து விரல்களுக்குப் பூசுவதையும் அதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இருந்தாலும் டொலுவீன் இல்லாத பூச்சுகள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கும்போது, அது இருப்பதை ஏன் வாங்க வேண்டும் என்பதே என் கேள்வி.

‘5 ஃப்ரீ’, ‘10 ஃப்ரீ’னு போட்டிருக்கிறதை வாங்கினா கவலை இல்லைதானே?

கவலை குறையலாம், தீராது. இத்தனை இரசாயனங்கள் சேர்க்கவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். ஆனால் ஐந்து என்றால் எந்த ஐந்து, பத்து என்றால் எந்தப் பத்து என்பதை எந்தச் சட்டமும் வரையறுக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் பத்தும் இன்னொரு நிறுவனத்தின் பத்தும் வேறு வேறாக இருக்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று, அழகு நிலையங்களுக்கு விற்கப்படும் பூச்சுகளை வாங்கிச் சோதித்து 2012-இல் அறிக்கை வெளியிட்டது. டொலுவீன் இல்லை என்று அச்சிட்டிருந்த 12 பூச்சுகளில் 10-இல் டொலுவீன் இருந்தது.

ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் எதைப் போட்டார்கள் என்பது அடுத்த கேள்வி. தாலேட்டுக்குப் பதிலாகப் பல நிறுவனங்கள் ட்ரைஃபீனைல் பாஸ்ஃபேட் என்ற நெகிழ்வூட்டிக்கு மாறின. மெத்தை, பிளாஸ்டிக் முதலியவற்றில் தீப்பிடிப்பதைத் தடுக்கச் சேர்க்கும் பொருள் அது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், அதைக் கொண்ட பூச்சைப் போட்டுக்கொண்ட பெண்களின் சிறுநீரில் 10 முதல் 14 மணி நேரம் கழித்து அதன் சிதைபொருள் சுமார் ஏழு மடங்கு உயர்ந்திருந்தது. கையுறை அணிந்து, அதன் மேல் ஒட்டிய செயற்கை நகங்களுக்குப் பூசியபோது அந்த உயர்வு இல்லை. மூச்சு இரண்டு முறையும் ஒன்றேதான். விரலில் பட்டதுதான் வேறுபாடு. இந்தப் பொருள் ஹார்மோன்களைக் குழப்பக்கூடும் என்று சந்தேகிக்கிறார்கள். இந்த அளவில் கருவுக்குத் தீங்கு செய்தது என்று நிரூபணம் ஆகவில்லை. ஓரத் தோலில் பூச்சு வழியவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இந்த ஆய்வைப் படித்த பிறகுதான்.

அப்போ லேபிள்ல எதைத்தான் பார்க்கிறது? எழுத்து எறும்பு மாதிரி இருக்கு.

பாட்டிலில் இடம் இருக்காது. அது வந்த அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாமல் பாருங்கள். செல்பேசியின் கேமராவில் பெரிதாக்கினால் படிக்கலாம். டொலுவீன், ஃபார்மால்டிஹைட், ஃபார்மலின், மெத்திலீன் கிளைக்கால், டைபியூட்டைல் தாலேட், ட்ரைஃபீனைல் பாஸ்ஃபேட் ஆகிய பெயர்கள் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். மெத்திலீன் கிளைக்கால் என்பது தண்ணீரில் கலந்த ஃபார்மால்டிஹைடின் இன்னொரு பெயர்; சாதுவான பெயர் என்பதால் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரமும் இருக்க வேண்டும். திருவிழாக் கடையில் குவித்து வைத்து விற்கும் பாட்டிலில் நிறத்தின் எண்ணைத் தவிர வேறு எதுவும் இருக்காது. கர்ப்ப காலத்தில் அதை வாங்காமல் இருப்பதே நல்லது. தண்ணீர் அடிப்படையிலான பூச்சுகளும் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் ஆவியாகும் கரைப்பான் குறைவு, நகத்தில் நிற்கும் நாள்களும் குறைவு.

முதல் மூணு மாசம் தொடவே கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. அவங்க சொல்றது சரியா?

கருவின் உறுப்புகள் உருவாவது பெரும்பாலும் கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் பத்தாவது வாரத்துக்குள் நடந்து முடிகிறது. அந்தக் காலத்தில் தேவையில்லாத இரசாயனம் எதற்கு என்ற எச்சரிக்கை உணர்வில் தவறில்லை. அதோடு மசக்கைக் காலத்தில் தாளிக்கும் வாசனையே பல பெண்களுக்குக் குமட்டும்போது, கரைப்பானின் நெடி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாந்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நகப்பூச்சு போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

எனவே மாமியாரின் பேச்சைக் கேட்டு மூன்று மாதம் தள்ளிப்போட்டால் நீங்கள் இழப்பது ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் போட்டவர்களைக் குற்றவாளியாக நிறுத்துவதற்கு அறிவியலில் ஆதாரம் கிடையாது.

கர்ப்பம்னு தெரியறதுக்கு முன்னாடி தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு தடவை போட்டுட்டேன். குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா?

ஆகாது. காரணம் முதல் பதிலில் இருக்கிறது. இதற்காகத் தனியாக ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ தேவையில்லை. கொடுத்திருக்கும் ஃபோலிக் அமில மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுங்கள். முதல் மூன்று மாதத்தில் குழந்தைக்கு உண்மையிலேயே வித்தியாசம் செய்வது அதுதான்.

வீட்ல போடும்போது எப்படிப் போட்டா நல்லது?

குளிரூட்டி ஓடும் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு போடுவதுதான் மிக மோசமான முறை. அந்த இயந்திரம் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. திண்ணை, மொட்டை மாடி, பால்கனி, எதுவும் இல்லையென்றால் திறந்த சன்னலின் பக்கம் உட்காருங்கள். முதுகுக்குப் பின்னாலிருந்து மேசை விசிறியின் காற்று வந்து சன்னல் வழியே வெளியேறும்படி அமைந்தால் மிகவும் நல்லது. கையை முகத்தின் அருகே தூக்கி ஊதிக் காயவைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஊதிவிட்டு அடுத்த மூச்சை இழுப்பதும் அந்த ஆவியிலிருந்துதான்.

தூரிகையைப் பாட்டிலின் வாயில் ஒரு பக்கம் வழித்து, நகத்தின் நடுவில் ஒரு கோடு, இரு பக்கங்களிலும் ஒவ்வொரு கோடு என்று மெல்லியதாகப் பூசி, தோல் தொடங்கும் இடத்தில் மயிரிழை அளவு விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கைக்கும் இடையில் பாட்டிலை மூடி வையுங்கள். அடுப்பு எரியும் சமையலறையிலும், விளக்கு ஏற்றிய பூசையறையிலும், ஊதுபத்தி புகையும் இடத்திலும் இந்த வேலை வேண்டாம். வளைகாப்பு நாளில் ஆரத்தித் தட்டில் கற்பூரம் எரிய, பக்கத்திலேயே ஒருவர் பெண்ணின் கையைப் பிடித்து அவசரமாக இரண்டாவது பூச்சு பூசிக்கொண்டிருந்ததை ஒரு வீட்டில் நானே பார்த்துப் பாட்டிலைப் பிடுங்கி வைத்திருக்கிறேன். முந்தின நாள் மாலையே போட்டுவிடலாமே.

கால் நகத்துக்கு ஏழாம் மாதத்துக்கு மேல் குனிந்து மல்லுக்கட்ட வேண்டாம். தங்கையையோ கணவரையோ போட்டுவிடச் சொல்லுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

நாம கையால பிசைஞ்சு சாப்பிடுறோமே, பாலிஷ் சோத்தோட வயித்துக்குள்ள போகாதா?

நன்கு காய்ந்த படலம் குழம்பிலோ ரசத்திலோ கரையாது. ஓரத்தில் உரிந்த ஒரு செதில் உள்ளே போனாலும் செரிக்காமல் வெளியே வந்துவிடும். ஆனால் தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போல் இருப்பதும் உண்மையில் இறுகியிருப்பதும் ஒன்றல்ல. உள்ளே கரைப்பான் வெளியேற இன்னும் சில மணி நேரம் ஆகும். இரவு சாப்பாட்டை முடித்துவிட்டுப் போட்டுக்கொண்டால் இந்தக் கேள்வியே எழாது. நகம் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் போடாமல் இருப்பது நல்லது.

ரிமூவர்தான் ரொம்ப நெடியா இருக்கு. அது ஆபத்தா?

பெரும்பாலான ரிமூவர்களில் இருப்பது அசிட்டோன். பட்டினி கிடக்கும்போதும், வாந்தியால் சாப்பிட முடியாதபோதும் நம் உடலே சிறிதளவு அசிட்டோனை உண்டாக்குகிறது என்பதால், உடலுக்கு அது முற்றிலும் அந்நியமான பொருள் அல்ல. பஞ்சில் நனைத்து ஐந்து நிமிடத்தில் துடைத்தெடுப்பதால் பயப்பட ஒன்றும் இல்லை. காற்றோட்டம், நெருப்பு பற்றி மேலே பூசுவதற்குச் சொன்னவை அனைத்தும் இதற்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். நனைந்த பஞ்சைப் பையில் முடிந்து வெளியே போடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வறண்ட நகத்தில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவுங்கள். ‘அசிட்டோன் இல்லாதது’ என்று விற்பதில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் போன்ற வேறு கரைப்பான் இருக்கும். அது மெதுவாக வேலை செய்வதால் கூடுதல் நேரம் முகர்கிறோம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

முஸ்லிம் சகோதரிகள் சிலர், தொழுகைக்கு முன் ஒளு செய்யும்போது (கை, முகம், கால் கழுவும்போது) நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதற்காகப் போட்ட அன்றே அழித்து, மறுநாள் மீண்டும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் நகம் பிளந்துவிடும், ஆவியும் தேவைக்கு மேல் போகும். விசேஷ நாள்களோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

பாட்டில் கெட்டியாயிடுச்சு. கொஞ்சம் தின்னர் ஊத்திக் குலுக்கலாமா?

கூடாது. பெயிண்ட் கடையில் வாங்கும் தின்னரில் டொலுவீன் இருக்கக்கூடும். மூன்றாவது கேள்வியில் பார்த்த அதே பொருளை நாமே ஊற்றிக்கொள்வதாக ஆகிவிடும். புதிதாக ஒன்று வாங்குங்கள்.

வளைகாப்புக்கு ஜெல் பாலிஷ், நெயில் எக்ஸ்டென்ஷன் வச்சுக்கலாமா?

இதில் என் கருத்து சற்றுக் கடுமையானது: பிரசவம் முடியட்டும். ஜெல் பூச்சு காற்றில் காய்வதில்லை. விளக்கொளி பட்டு, அக்ரிலேட் இனத்தைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. பிணையாமல் எஞ்சியவை தோலில் பட்டால் வாழ்நாள் முழுதும் நீடிக்கும் ஒவ்வாமை வரலாம். அப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அதே இனப் பொருள்களைக் கொண்ட பல் அடைப்பு வைக்கும்போதுகூடச் சிக்கல் நேரலாம். ஒளி பட்டதும் இறுகச் செய்வதற்காகப் பல ஜெல்களில் சேர்க்கப்பட்ட ‘டிபிஓ’ என்ற பொருள், விலங்குச் சோதனைகளின் அடிப்படையில் இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்று வகைப்படுத்தப்பட்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனப் பொருள்களில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்தச் சோதனைகளில் கொடுத்த அளவு மிக அதிகம் என்பதும் உண்மை. ஏற்கெனவே ஒரு முறை போட்டுக்கொண்டவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

எக்ஸ்டென்ஷனில் திரவமும் தூளும் கலக்கும் நெடி, அரத்தால் தேய்க்கும்போது பறக்கும் தூசி, அழிக்க அசிட்டோனில் விரலைக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊறவைப்பது என்று எல்லாமே கூடுதல். அவசர அறுவை சிகிச்சை என்று வந்தால் உடனே கழற்றவும் முடியாது. வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல் நிறைந்த கையில் சாதாரணப் பூச்சே போதுமான அழகு.

பேசாம மருதாணி வச்சுக்கிட்டா இந்தப் பிரச்சினையே இல்லையே?

தோட்டத்து இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அம்மியில் அரைத்து வைப்பதானால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக் கூம்பு வேறு விஷயம். உண்மையான மருதாணி பல மணி நேரம் இருந்தால்தான் பிடிக்கும். கழுவியதும் ஆரஞ்சு நிறமாக இருந்து, ஒன்றிரண்டு நாளில் கருஞ்சிவப்பாகும். பத்து நிமிடத்தில் சிவக்கும், கறுக்கும் என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. கறுப்பு மருதாணியில் பெரும்பாலும் கலப்பது தலைச் சாயத்தில் உள்ள பாரா-ஃபீனைலின்டையமின். தோல் கொப்பளித்துத் தழும்பாகிய கைகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருந்தால், இயற்கை மருதாணியும் வேண்டாம்; அது இரத்தச் சிவப்பணுக்களை உடையச் செய்யலாம்.

நகம் ஓரமா உடைஞ்சுகிட்டே இருக்கு. ஹார்டனர் போடலாமா, இல்ல பயோட்டின் மாத்திரை சாப்பிடலாமா?

கர்ப்ப காலத்தில் நகம் வழக்கத்தைவிட வேகமாக வளரும்; சிலருக்கு மெலிந்து பிளக்கவும் செய்யும். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். ஹார்டனர் வேண்டாம் என்பதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். நகத்தைக் குட்டையாக வெட்டி, பாத்திரம் துலக்கும்போது கையுறை போட்டு, படுக்கும்போது எண்ணெய் தடவினால் போதும்.

பயோட்டின் என்ற வைட்டமினைப் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அதிக அளவு பயோட்டின் உள்ள மாத்திரைகள் தைராய்டு உள்ளிட்ட சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவைப் பொய்யாகக் காட்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. தைராய்டு அளவைப் பார்த்து மருந்து கொடுக்கும் கர்ப்ப காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ‘முடிக்கு, நகத்துக்கு’ என்று கடையில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இரத்தம் கொடுப்பதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

பாலிஷ் போட்டது விரல்ல. அரிக்கிறது கண் இமையில. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

இருக்கும். நகப்பூச்சு ஒவ்வாமை விரலைவிட இமையிலும் கழுத்திலும் தெரிவதுதான் வழக்கம். விரல்தோல் தடித்தது, நாளெல்லாம் நாம் தொடும் இமைத்தோல் மெல்லியது. காரணம் பெரும்பாலும் பளபளப்புக்கான பிசின். பூச்சை அழித்துவிட்டு, தோல் மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பை இமையில் தடவாதீர்கள்.

செக்கப்புக்கு வரும்போதும் பிரசவத்துக்கு வரும்போதும் அழிச்சுட்டு வரச் சொல்றீங்களே, ஏன்?

நகத்தின் அடியில் தெரியும் நிறம் எங்களுக்கு ஒரு சன்னல். வெளுத்திருந்தால் இரத்தசோகையை நினைப்போம். நீலம் பாய்ந்தால் உயிர்வளி குறைவதை நினைப்போம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தப் பரிசோதனை இருக்கிறது என்றாலும், கண்ணுக்கு முதலில் தெரிவது நகமும் இமையின் உட்புறமும்தான். பரிசோதனைக்கு வரும்போது ஒரு விரலையாவது வெறுமையாக விடுங்கள் என்று சொல்வேன்.

அறுவை அரங்கில் விரலில் கவ்வி மாட்டும் கருவி, சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் நகத்தின் வழியே பாய்ச்சி உயிர்வளி அளவைக் கணிக்கிறது. கறுப்பு, நீலம், பச்சை நிறப் பூச்சுகள் அந்த ஒளியை விழுங்கிக் கணக்கைத் தவறாக்கலாம். இன்றைய கருவிகளில் பிழை பெரும்பாலும் சிறியதுதான். ஆனால் முதுகுத்தண்டில் மருந்து போட்ட பிறகு இரத்த அழுத்தம் இறங்கும் நேரத்தில், திரையில் தெரியும் எண் உண்மையா பூச்சின் வேலையா என்று யோசிக்க யாருக்கும் அவகாசம் கிடையாது. வலி எடுத்து வந்த பெண்ணின் ஒரு கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருக்க, மறு கையை நான் மடியில் வைத்துப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்த இரவுகள் பல. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் கை நகப்பூச்சை அழித்துவிடுங்கள். மருதாணி அழியாது, நகம் மாதத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அதனால் மருதாணியை விரல் நுனிகளில் வைக்கும்போது ஒன்றிரண்டு நகங்களை விட்டுவிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

நான் பார்லர்லயே வேலை பார்க்கிறேன், சிஸ்டர். எனக்கு இப்போ அஞ்சு மாசம்.

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு உண்மையான கவலையைத் தருவது இந்தக் கேள்விதான். போட்டுக்கொண்டு அரை மணியில் எழுந்து போகும் வாடிக்கையாளருக்கும், அடைத்த அறையில் எட்டு மணி நேரம் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போட்டுவிடும் உங்களுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. தலைவலி, கண் எரிச்சல், கிறுகிறுப்பு ஆகியவை வேலை நேரத்தில் வந்து வீட்டுக்குப் போனதும் அடங்கினால், அறையின் காற்று சரியில்லை என்று பொருள்.

முதலில் வெளியேற்றும் விசிறி. அது மேலே கூரையோரம் இருப்பதைவிட வேலை மேசையின் உயரத்தில், ஆவியை உங்கள் முகத்துக்கு வரும் முன்பே இழுப்பதாக இருக்க வேண்டும். அறுவை முகக்கவசம் தூசியை ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதை மாட்டிக்கொண்டு பாதுகாப்பு என்று நினைத்து ஏமாறாதீர்கள். ஆவிக்குச் செயலூட்டிய கரி வைத்த கவசம் வேண்டும். நைட்ரைல் கையுறை போடுங்கள், ஆனால் அசிட்டோன் பட்டால் அது விரைவில் இளகிவிடும் என்பதால் அடிக்கடி மாற்றுங்கள். நனைந்த பஞ்சை மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். அக்ரிலிக் நகம் வைக்கும் திரவத்தில் மெத்தில் மெத்தாக்ரிலேட் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவில் 1970-களிலேயே அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள்.

முடிந்தால் பிரசவம் வரை நக வேலையை விட்டுப் புருவம் திருத்துவது, முடி வெட்டுவது, வரவேற்பு மேசை என்று மாற்றித் தரும்படி முதலாளியிடம் கேளுங்கள். என்ன வேலை என்பதை மருத்துவரிடம் விவரமாகச் சொல்லி ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தால் பேச்சு எளிதாகும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு சட்டத்தில் உண்டு. நம் ஊர்ப் பார்லர்களில் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள் என்பது தெரிந்ததே. அப்படிப்பட்டவர்கள், தகுதி இருந்தால், தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பகுதிச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். மொத்த மதிப்பு 18,000 ரூபாய்.

குழந்தை பிறந்த பிறகு நான் போட்டுக்கலாமா? பாப்பாவுக்கும் போட்டோ எடுக்கச் சின்னதா ஒரு புள்ளி வைக்கலாமா?

உங்களுக்குப் போட்டுக்கொள்ளலாம், பாலூட்டுவதற்குத் தடை இல்லை. குழந்தை இல்லாத அறையில் போட்டு, முழுவதும் இறுகிய பிறகு தூக்குங்கள். உரிந்து தொங்கும் பூச்சோடு குழந்தையின் வாயில் விரல் வைக்காதீர்கள். நகமும் நீளமாக வேண்டாம், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கீறிவிடும். ரிமூவர் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டுக்கு இப்போதே மாற்றுங்கள்.

குழந்தையின் நகத்துக்கு ஒரு புள்ளிகூட வேண்டாம். பிறந்த குழந்தை விழித்திருக்கும் நேரமெல்லாம் கை வாய்க்குள்தான் இருக்கும். மருதாணியும் கூடாது, ஜி6பிடி குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு உடம்பில் மருதாணி பூசியதால் இரத்தம் உடைந்து உயிருக்கே ஆபத்தான நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன, அந்தக் குறைபாடு தன் குழந்தைக்கு இருக்கிறதா என்பது பெரும்பாலான பெற்றோருக்கு அதுவரை தெரிந்திருக்காது.